நம்ம கடை யாருடைய கடை?

கடைப் பலகையில் ‘அண்ட் சன்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஜிஎஸ்டி பதிவில் அப்பா பெயர் மட்டும்தான். இருபது வருடமாகக் கல்லாவில் உட்காரும் மூத்த மகனுக்குச் சம்பளம் என்று எதுவும் இல்லை. தேவைப்படும்போது கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்வார். கணக்குப்பிள்ளை அதை ‘வீட்டுச் செலவு’ என்று எழுதிவிடுவார். கட்டடம் அம்மா பெயரில். வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் மருமகள். அப்பா நடமாடும்வரை இதில் எந்தச் சிக்கலும் வெளியே தெரியாது.

“எங்க குடும்பத்துல எழுதி வாங்குற வழக்கமே இல்லைங்க” என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையில் எனக்கு நம்பிக்கை இல்லை. எழுதாமல் விட்டதெல்லாம் கடைசியில், சாவியும் கணக்கும் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே சாதகமாக முடிகிறது. அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பத்து வருடம் தனியாக நடத்தியவருக்கு ‘இது என் கடை’ என்ற எண்ணம் தானாக வந்துவிடும். விதவையான அண்ணி, கட்டிக்கொடுத்த தங்கை, வெளியூர் வேலையில் இருக்கும் தம்பி ஆகியோர் தங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்குள் காலக்கெடு கடந்துபோகிறது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தொழில் சட்டப்படி என்ன வடிவத்தில் நடக்கிறது என்பதுதான். தனி உரிமையாளர் தொழில் என்றால், சட்டத்துக்குக் கடையும் முதலாளியும் ஒன்று. கடையின் கடன் அவருடைய கடன். வீடும் நிலமும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் இறந்துபோனால், அவருடைய பான் எண்ணில் ஓடிய ஜிஎஸ்டி பதிவை மகன் அப்படியே தொடர முடியாது. புதிய பதிவு எடுத்து, மீதமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை ஐடிசி-02 படிவத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். அப்பாவின் கடனுக்குப் பிள்ளைகள் தங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கொடுக்க வேண்டியதில்லை. அப்பா விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. ஆனால் கடையைத் தொடர்ந்து நடத்துபவர் தலையில் பழைய ஜிஎஸ்டி பாக்கியும் சேர்ந்தே வரும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஷட்டரைத் திறக்கும் முன் ஆடிட்டரிடம் பாக்கி எவ்வளவு என்று கேட்டுவிடுவது நல்லது.

பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் என்ன இருக்கிறது?

குடும்பத் தொழில்களில் அதிகம் சண்டை வருவது கூட்டாண்மையில்தான். 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. அதன் விதிகளில் பல ‘ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய’ என்ற நிபந்தனையோடு எழுதப்பட்டவை. அதாவது நீங்கள் எழுதாமல் விட்ட இடத்தையெல்லாம் சட்டம் தன் போக்கில் நிரப்பும். அது நிரப்பும் விதம் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

பத்திரம் மௌனமாக இருந்தால் லாபம் எல்லோருக்கும் சமம். கூடுதல் முதல் போட்டவருக்கும் சமம்தான். உழைப்புக்குச் சம்பளம் கிடையாது. காலை ஆறு மணிக்குக் கடை திறக்கும் அண்ணனும், பொங்கலுக்கு மட்டும் ஊருக்கு வரும் தம்பியும் ஒரே தொகையை வாங்குவார்கள். அண்ணன் மனத்தில் வளரும் கசப்புக்கு இதுதான் வேர். பிறகு அவர் கணக்கை மறைக்க ஆரம்பிப்பதற்கும் இதுதான் காரணம். உழைப்புக்குச் சம்பளம் தனி, உடைமைக்கு லாபப் பங்கு தனி என்று பிரித்து எழுதிவிட்டால் குடும்பச் சண்டையில் பாதி அங்கேயே தீரும் என்பது என் எண்ணம். உழைக்கும் பங்குதாரருக்கான சம்பளத்தைப் பத்திரத்தில் எழுதியிருந்தால்தான் வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்பது கூடுதல் காரணம்.

இன்னொன்று மரணம். ‘ஒருவர் இறந்தாலும் நிறுவனம் தொடரும்’ என்று எழுதாவிட்டால், ஒரு பங்குதாரர் இறந்ததுமே கூட்டாண்மை கலைந்துவிடுகிறது. அப்பாவும் மகனும் என்று இரண்டே பேர் இருந்தால், அந்த வாசகம் இருந்தும் பயனில்லை. ஒருவர் மட்டும் மிஞ்சிய இடத்தில் கூட்டு என்பதே இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1965-லேயே சொல்லிவிட்டது. பலகை அப்படியே இருக்கும், சரக்கு வரும் போகும், வங்கிக் கணக்கில் பணம் ஏறும். சட்டப்படி நிறுவனம் கலைந்த கணக்கில்தான் இருக்கும்.

அந்த நிலையில் இறந்தவரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்ன கிடைக்கும்? அன்றைய தேதிக்குக் கணக்கு முடித்து அவர் பங்கைத் தர வேண்டும். தராமல் மற்றவர்கள் அந்தப் பணத்தையும் சரக்கையும் வைத்தே தொழிலைத் தொடர்ந்தால், அந்தப் பங்கால் வந்த லாபத்தைக் கேட்கலாம். அல்லது ஆண்டுக்கு 6 சதவீத வட்டி கேட்கலாம். இரண்டில் எது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாரிசுகளுடையது. நன்றாக ஓடும் கடையில் 6 சதவீதத்துக்கு ஒத்துக்கொள்வது பெரும்பாலும் நஷ்டம்.

காலக்கெடுவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கலைந்த கூட்டாண்மையின் கணக்கையும் லாபப் பங்கையும் கேட்டு வழக்குப் போடக் கலைந்த தேதியிலிருந்து மூன்றே ஆண்டுகள். “வருஷத் திதி முடியட்டும்”, “பாப்பா கல்யாணம் முடியட்டும்” என்று மச்சினர் சொல்வதைக் கேட்டுக் காத்திருப்பதிலேயே இரண்டு ஆண்டுகள் போய்விடும். வழக்கே வேண்டாம் என்று நினைப்பவர்கள்கூட, ‘பங்கு தர வேண்டியிருக்கிறது’ என்பதைக் கெடுவுக்குள் கையெழுத்தோடு எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட நாளிலிருந்து மூன்றாண்டுக் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

கூட்டாண்மையைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. அதனாலேயே பலர் மாவட்டப் பதிவாளர் அலுவலகம் பக்கம் போவதில்லை. பதிவு செய்யாத நிறுவனம், பணம் தராத வாடிக்கையாளர் மேல் ஒப்பந்தத்தின் அடிப்படையில் வழக்குப் போட முடியாது. பங்குதாரரும் தன் நிறுவனத்தின் மீதோ சக பங்குதாரர் மீதோ அப்படிப் போட முடியாது. கூட்டாண்மையைக் கலைக்கக் கோருவதற்கும், கலைந்த நிறுவனத்தின் கணக்கைக் கேட்பதற்கும் விலக்கு உண்டு. பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு பங்குதாரருக்கும் நிறுவனத்தின் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் உரிமை உண்டு. பெயருக்குப் பங்குதாரராகச் சேர்க்கப்பட்ட மனைவிக்கும் உண்டு.

அந்தப் ‘பெயருக்கு’ என்ற சொல் சட்டத்தில் இல்லை. பங்குதாரராக இருந்த காலத்தில் நிறுவனம் பட்ட கடனுக்கு ஒவ்வொருவரும் முழுமையாகப் பொறுப்பு. விலகினாலும் விலகல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதோடு முடியாது. பதிவு பெற்ற நிறுவனமென்றால் நிறுவனப் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் அந்த மாவட்டத்தில் ஓடும் ஒரு தாய்மொழி நாளிதழிலும் அறிவிப்பு வர வேண்டும். ஜிஎஸ்டி ஆணையருக்கு ஒரு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால், தெரிவிக்கும் நாள்வரை சேரும் வரிக்கும் விலகியவர் பொறுப்பாளி. பழைய கடனிலிருந்து விடுபட வேண்டுமானால் கடன் கொடுத்தவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அண்ணன் தம்பி மட்டும் பேசி முடித்த விலகல் வங்கியைக் கட்டுப்படுத்தாது.

மகளுக்குப் பங்கு இல்லையா?

இருக்கிறது. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கொரு சம பங்கு. தொழிலில் அவருக்கிருந்த பங்கும் சொத்துதான். பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமையைத் தமிழ்நாடு 1989-லேயே கொடுத்தது. அன்று திருமணமாகியிருந்த பெண்களை மட்டும் விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் அந்தத் தடையையும் நீக்கியது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வாரிசுரிமை வேறு சட்டங்களின்படி நடக்கும்.

உரிமை சட்டத்தில் இருப்பதால் மட்டும் கைக்கு வந்துவிடாது. அப்பா போன சில மாதங்களில், “ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டு வாம்மா” என்று தங்கையைப் பதிவு அலுவலகத்துக்குக் கூப்பிடுவார்கள். அது பெரும்பாலும் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். வீட்டுக்கு என்று நினைத்துப் போடும் கையெழுத்தில் கடை, சரக்கு, கடைப்பெயர் எல்லாம் சொத்து விவரத்தில் சேர்ந்திருக்கலாம். நகலை முன்கூட்டியே வாங்கி, வீட்டுக்கு வெளியே ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் போடக்கூடாது. அண்ணன் கோபித்துக்கொள்வாரே என்றால், கோபித்துக்கொள்ளட்டும். ஏமாற்றி வாங்கப்பட்ட பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்கவும், ஏமாற்று தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் கெடு.

அதிகம் பேசப்படாத பிரிவு ஒன்றும் இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி, முதல் வகுப்பு வாரிசுகள் ஒரு தொழிலை அல்லது அசையாச் சொத்தைச் சேர்ந்து பெற்று, அவர்களில் ஒருவர் தன் பங்கை விற்க நினைத்தால், வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை மற்ற வாரிசுகளுக்கு உண்டு. விலையில் ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் தீர்மானிக்கும். தம்பி கோபத்தில் போட்டிக் கடைக்காரருக்குப் பங்கை விற்கப் பார்க்கும்போது இந்தப் பிரிவு கைகொடுக்கும்.

‘நாமினி நான்தானே’ என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாமினி என்பவர் வங்கியிடமோ கம்பெனியிடமோ பெற்றுக்கொள்ளும் ஆள். கம்பெனிப் பங்குகளிலும் நாமினி வாரிசுகளை மீறி உரிமையாளராகிவிட மாட்டார் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மருமகள் போட்ட கையெழுத்து

வங்கியில் கேஷ் கிரெடிட் வரம்பைக் கூட்டும்போது மேனேஜர் கேட்கும் முதல் ஆவணம் வீட்டுப் பத்திரம். அது அம்மா பெயரிலோ மருமகள் பெயரிலோ இருக்கும். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடங்களிலெல்லாம் அவர்கள் கையெழுத்திடுவார்கள். எத்தனை லட்சத்துக்கு என்று கேட்பது வீட்டு வழக்கத்தில் மரியாதைக் குறைவு.

ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது. கடனாளியிடம் முதலில் வசூல் செய்துவிட்டு என்னிடம் வா என்று வங்கியிடம் சொல்ல முடியாது. பெரும்பாலும் வாங்கப்படுவது தொடர் ஜாமீன். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கடனுக்கும் அது நீளும். எனவே தொகை வரம்பு எழுதப்பட்டிருக்கிறதா, கட்டங்கள் காலியாக இருக்கின்றனவா என்று பார்த்து, ஆவணங்களின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். இனி எடுக்கும் கடனுக்கு நான் பொறுப்பில்லை என்று தொடர் ஜாமீனை நோட்டீஸ் கொடுத்து நிறுத்த ஒப்பந்தச் சட்டம் வழிவிடுகிறது. ஏற்கெனவே கொடுத்த கடனுக்கு அது பொருந்தாது. மகனும் மருமகளும் பிரிந்துவிட்ட வீடுகளில் இந்த நோட்டீஸை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

தவணை 90 நாள் தவறினால் கடன் வாராக்கடன் ஆகும். அதற்குப் பிறகு, அடமானச் சொத்தை வங்கி கைப்பற்ற வழிவிடும் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வரும். அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவதுதான் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். கணக்கில் தவறு இருந்தால் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். சுவாதீன நடவடிக்கை தொடங்கினால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தை அணுகலாம். சென்னை, கோவை, மதுரையில் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. பாதிக்கப்பட்ட ஜாமீன்தாரரும் போகலாம். சாதாரண உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய் நாளைக் கடத்த வேண்டாம். இந்த விஷயத்தில் அதற்கு அதிகாரம் இல்லை. கடனைத் தானே கட்டித் தீர்க்கும் ஜாமீன்தாரர், வங்கிக்கு இருந்த உரிமைகளோடு கடனாளியிடம் அந்தப் பணத்தைக் கேட்கலாம். கடனாளி கணவரின் அண்ணனாக இருந்தாலும் சரி.

தொழில் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால், மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவர், அல்லது உறுப்பினர்களில் பத்தில் ஒரு பகுதியினர், தங்களை நசுக்கி நிர்வாகம் நடத்தப்படுகிறது என்று தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் முறையிடலாம். நூறு ரூபாய் கட்டணத்தில் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் எந்தக் கம்பெனியின் ஆவணங்களையும் பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாமல் நீங்கள் ராஜினாமா செய்திருக்கிறீர்களா, உங்கள் பங்குகள் கைமாறியிருக்கின்றனவா என்று வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள்.

பெரிய குடும்பங்களிலும் கதை இதுதான். முருகப்பா குழுமத்தில் எம்.வி. முருகப்பன் 2017-ல் மறைந்த பிறகு, குடும்பத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸின் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார் அவருடைய மகள் வள்ளி அருணாசலம். 2020 பொதுக்குழுவில் அந்தக் கோரிக்கை தோற்கடிக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில்தான் குடும்பத்துக்குள் சமரசம் ஆனது. நல்ல வழக்கறிஞர்களும் வசதியும் உள்ள குடும்பத்துக்கே இத்தனை ஆண்டுகள் பிடித்தது.

சமரசம்தான் மலிவான வழி. கூட்டாண்மை ஒப்பந்தத் தகராறு மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் அது வணிக வழக்கு. அவசரத் தடை உத்தரவு தேவைப்பட்டால் ஒழிய, வழக்குக்கு முன்பே சமரச மையத்தில் பேசிப் பார்ப்பது கட்டாயம். அங்கே முடிவாகிக் கையெழுத்தானதை நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றிக்கொள்ளலாம். ஊர்ப் பெரியவர் முன்னிலையில் வெள்ளைத்தாளில் எழுதிய பேச்சுக்கு அந்த வலு கிடையாது. அசையாச் சொத்தை அதில் பிரித்திருந்தால் பதிவு செய்யாதது இன்னும் பெரிய ஓட்டை.

பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். தொலைபேசி எண் 15100. போகும்போது பார்ட்னர்ஷிப் பத்திரம், கடைசி மூன்று வருட வருமான வரிக் கணக்கு, வங்கிக் கடன் ஒப்புதல் கடிதம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றின் நகல்களைக் கொண்டுபோங்கள். பத்திரம் கைவசம் இல்லையென்றால், பதிவு செய்யப்பட்ட நிறுவனத்தின் விவரங்களை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு எடுக்கலாம். கடை நடத்துபவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை.