மடக்குக் கத்தியிலும் டூப்ளிகேட்! காட்டிக் கொடுக்கும் 'கழுத்து' முத்திரை

மேஜை மேல் ஒரு பழைய மடக்குக் கத்தி. பக்கத்திலே விலைச் சீட்டு. வந்தவர் விலையைப் பார்க்கவில்லை. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுக்கிறார். கத்தியைத் திறந்து, அலகின் கழுத்தை உற்றுப் பார்க்கிறார். கைப்பிடியோடு அலகு சேரும் இடம்தான் கழுத்து. அரை நிமிஷம் போகிறது. "வேணாம்" என்று வைத்துவிட்டு நடையைக் கட்டுகிறார்.

அமெரிக்காவில் பழங்கத்தி சேகரிப்போர் கூடும் சந்தைகளில் இது சர்வ சாதாரணக் காட்சி. இவர்கள் யாரும் சண்டியர்கள் அல்ல. ஆப்பிள் நறுக்கவும் பென்சில் சீவவும் பாட்டனார் பையில் வைத்திருந்த கத்திதான் இவர்களுக்கு உயிர். பார்த்த மாத்திரத்தில் இன்ன ரகம், இன்ன கம்பெனி, இன்ன வருஷம் என்று சொல்லிவிட வேண்டும். அதிலே ஒரு குஷி. தப்பாகச் சொன்னால் பணம் போச்சு!

பெயரிலேயே தொழில்

நம்ம ஊர் பேனாக்கத்திக்குக்கூட ஒரு கதை உண்டு. இறகுப் பேனா காலத்தில் அதன் முனையைச் சீவ வைத்திருந்த சின்னக் கத்தி அது. இறகு போயும் பெயர் போகவில்லை.

'ஸ்டாக்மேன்' என்றால் மாட்டுப் பண்ணைக்காரன் கத்தி. மூன்று அலகு. ஒன்று கூர்முனை. இன்னொன்று 'ஆட்டுக் குளம்பு'. வெட்டும் பக்கம் நேர்கோடு மாதிரி இருக்கும். மூன்றாவது 'ஸ்பே'. கன்றுக்குக் காயடிக்கும் அலகு. முனை மழுங்கலாக வைத்திருப்பதற்குக் காரணம், வேலை நடக்கும்போது கன்று துள்ளினால் வேண்டாத இடத்தில் குத்திவிடக் கூடாது என்பதுதான்.

பொறி வைத்து மிருகம் பிடிப்பவருக்கு 'ட்ராப்பர்'. தோலுரிக்க நீளமாக இரண்டு அலகு. ஓடம் மாதிரி வளைந்தது 'கனூ'. அகலமாகக் குண்டாக ஒரு ரகம் உண்டு. சேகரிப்பவர்கள் அதற்கு வைத்த பெயர் 'யானை நகம்'! பார்த்தால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

'பார்லோ' என்ற ரகம் இங்கிலாந்தின் ஷெப்பீல்டு நகரத்துச் சரக்கு. அமெரிக்காவில் பையன்கள் பை எல்லாம் அதுதான். கைப்பிடியின் தலைப்பக்கம் நீளமான இரும்புப் பூண் இருக்கும். 1876ல் வெளிவந்த மார்க் ட்வைனின் 'டாம் சாயர்' நாவலில் பன்னிரண்டரை சென்ட் பார்லோ ஒன்று டாமுக்குக் கிடைக்கிறது. எதையும் வெட்டாத கத்தி. ஆனாலும் 'அசல் பார்லோ' என்று அவனுக்குப் பெருமை! இதற்குக்கூடவா போலி வரும் என்று ஆசிரியர் கிண்டல் செய்கிறார். இன்றைய சேகரிப்பாளர் அதைப் படித்தால் சிரிக்க மாட்டார்.

ஊர் ஒன்று, முத்திரை ஒன்று

அந்தக் காலத்தில் கத்தி என்றால் ஷெப்பீல்டுதான். அங்கே ஜோசப் ரோஜர்ஸ் கம்பெனியின் நட்சத்திர, சிலுவை முத்திரைக்கு உலகமெல்லாம் மவுசு. 1822ம் வருஷம் 1,822 அலகு வைத்து ஒரே கத்தி செய்த கில்லாடிகள் அவர்கள்!

மவுசு இருக்கிற இடத்தில் போலி வராமல் இருக்குமா? ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் மலிவாகச் செய்த கத்திகள், ஷெப்பீல்டு பெயர் குத்தப்பட்டுச் சந்தைக்கு வந்தன. ஷெப்பீல்டுக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். 1887ல் பிரிட்டன் சட்டமே கொண்டு வந்தது. பிரிட்டிஷ் சரக்கு போலப் பெயர் தாங்கி வரும் அன்னியப் பொருளில், அது உண்மையில் எங்கே செய்தது என்று போட வேண்டும் என்றது சட்டம்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அதே சோலிங்கனின் பெயருக்குப் பிற்காலத்தில் மவுசு ஏறியது. அதைக் கண்டவர்கள் குத்தக் கூடாது என்று 1938ல் ஜெர்மனியும் ஒரு சட்டம் போட்டது!

அமெரிக்காவோ 1891 முதல் இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது. ஆகவே 'ஜெர்மனி' என்று குத்திய கத்தியை '1870ம் வருஷத்துச் சாமான்' என்று ஒருவர் விற்க வந்தால், கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

புள்ளிக் கணக்கு

அமெரிக்காவின் 'கேஸ்' கம்பெனி 1889ல் தொடங்கியது. அதன் கத்திகளில் உள்ள எண்ணே ஜாதகம். 6254 என்றால் 6 எலும்புக் கைப்பிடி, 2 இரண்டு அலகு, 54 ட்ராப்பர் ரகம்.

1970ல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளி வைத்தார்கள். வருஷத்துக்கு ஒரு புள்ளி குறைத்தார்கள். 1979ல் ஒற்றைப் புள்ளி. 1965 முதல் 1969 வரை வந்த கத்திகளிலே புள்ளியே கிடையாது. இங்கேதான் விஷமம். புள்ளிகளைத் தேய்த்து எடுத்துவிட்டால் கத்திக்கு வயசு கூடிவிடும். வயசு கூடினால் விலையும் கூடும்!

அதனால்தான் பூதக்கண்ணாடி. கழுத்து மட்டும் மெலிந்து பளபளக்கிறதா? அலகு தேய்ந்து கிடக்க, முத்திரை மட்டும் புத்தம் புதுசாக இருக்கிறதா? இரண்டு அலகிலும் துரு ஒரே மாதிரி படிந்திருக்கிறதா? உடைந்த அலகை எடுத்துவிட்டு வேறு கத்தி அலகைச் சொருகும் ஆசாமிகளும் உண்டு. காதும் வேலை செய்ய வேண்டும். மடக்கினால் 'டக்'கென்று விழ வேண்டும். கொழகொழவென்று விழுந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது.

ஏமாந்தவர் பலர் வாயைத் திறப்பதில்லை. வெட்கம்! அடுத்த சந்தையில் அடுத்தவர் தலையில் கட்டிவிடுவோரும் உண்டு. இப்படியே ஒரு போலிக் கத்தி கை மாறிக்கொண்டே போகிறது.

இன்னொரு கூத்து. பெட்டியிலே பாட்டனாரின் அசல் கத்தி கிடைக்கும். சந்தோஷத்தில் எமரித் தாளால் தேய் தேய் என்று தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொண்டு வருவார்கள். பூதக்கண்ணாடிக்காரர் கழுத்தைப் பார்ப்பார். துருவோடு சேர்ந்து முத்திரையும் போயிருக்கும். "எண்ணெய்த் துணியாலே துடைச்சிருந்தா போதுமே!" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார்.