ஏழரை மணித்தியால வித்தியாசம்

தைப்பொங்கலன்று காலை ஆறு மணிக்கு த்ரீ கிங்ஸில் வீட்டின் பின்வளவில் நாம் பானை வைக்கும்போது, யாழ்ப்பாணத்தில் முதல் நாள் இரவு பத்தரை மணி. அம்மா பச்சையரிசியையும் பயறையும் எடுத்து வைத்துவிட்டுப் படுக்கப் போகும் நேரம் அது. எமது பொங்கல் பொங்கி, படைத்து, சாப்பிட்டு, வேலைக்கும் போய்விடுவோம். பிற்பகல் ஒன்றரை மணியாகும்போதுதான் அங்கே முற்றம் மெழுகிக் கோலம் போடுகிறார்கள். ஊர்ப்பொங்கல் பொங்குவதை வேலையிடத்தில் கைத்தொலைபேசியின் சின்னத் திரையில் பார்த்துவிட்டு மறுபடி வேலைக்குத் திரும்புகிறோம்.

கோடை காலத்தில் ஒக்லாந்துக்கும் இலங்கைக்கும் இடையே ஏழரை மணித்தியாலம். குளிர் காலத்தில் ஆறரை. ஏழரை என்றதும் எம்மவர்களுக்கு நினைவு வருவது சனி பகவான்தான். இந்த நாட்டுக்கு வந்தபின் ஏழரைச் சனி வருடத்தில் பாதிக்கு மேல் நிற்கிறது என்று பகிடியாகச் சொல்வார்கள். பகிடி ஒருபுறம் இருக்க, எந்த உறவோடு எந்த நாளில் பேசலாம், யாருக்கு யாருடைய குரல் கேட்கக் கிடைக்கும் என்பதையெல்லாம் இந்த ஏழரையும் ஆறரையும்தான் தீர்மானிக்கின்றன. அது வெறும் பூகோளக் கணக்கும் அல்ல. வேலை, மின்சாரம், போர், கடலடிக் கம்பி என்று பலதும் சேர்ந்து எமது 'ஊரோடு பேசும் நேரத்தை' மாற்றி மாற்றி வைத்திருக்கின்றன.

முதலில் இந்த நாட்டுக் கடிகாரம். நியூசிலாந்து 1868 ஆம் ஆண்டிலேயே நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தைச் சட்டப்படி நிர்ணயித்துவிட்டது. அப்படிச் செய்த முதல் நாடுகளில் இதுவும் ஒன்று. கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளி வைக்கும் யோசனையை 1895 இல் வெலிங்டனில் முன்வைத்தவர் ஜோர்ஜ் ஹட்சன். பூச்சியியல் ஆய்வாளரான அவர் தபால் கந்தோரில் முறைமாற்று வேலை பார்த்தவர். வேலை முடிந்து வந்தபின் பூச்சி பிடிக்க வெளிச்சம் போதவில்லை என்பது அவருடைய குறை. இரண்டு மணித்தியாலம் தள்ளச் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள் என்கிறார்கள். இன்று செப்டெம்பர் கடைசி ஞாயிறு தொடக்கம் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை ஒரு மணித்தியாலம் தள்ளி வைக்கிறோம். கோடையில் இரவு எட்டு மணிக்கும் பிக் கிங் குன்றில் வெளிச்சம் நிற்கிறது. த்ரீ கிங்ஸ் என்ற பெயருக்குக் காரணமான குன்றுகளில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். மற்றவற்றை ஒக்லாந்தின் வீதிகளுக்கும் கட்டடங்களுக்கும் எரிமலைச் சரளைக் கல்லாக வெட்டி எடுத்துவிட்டார்கள். வெட்டிய பள்ளத்தில் இப்போது வீடுகள். மாலையில் அந்தக் குன்றில் ஏறும் எம்மவர்களின் கையில் தொலைபேசி இருக்கும். 'இஞ்ச பாருங்கோ, இன்னும் வெயில் எறிக்குது' என்று நகரைச் சுற்றிக் காட்டுவார்கள். அங்கே நண்பகல் பன்னிரண்டரை. அம்மா அடுப்படியில் நிற்பார்.

அடுத்து ஊர்க் கடிகாரம். அது ஒரே இடத்தில் நின்றது என்றுதான் எமது பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1996 இல் மழை பொய்த்து, நீர்மின்சாரத்தை நம்பியிருந்த இலங்கையில் மின்வெட்டு வந்தது. மாலையில் விளக்கெரிக்கும் நேரத்தைக் குறைப்பதற்காக அந்த ஆண்டு மே 25 இல் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபர் 26 இல் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மீதி அரை மணித்தியாலம் அப்படியே நின்று, 2006 ஏப்ரலில், புத்தாண்டோடுதான் பழைய நேரம் திரும்பியது. விடுதலைப் புலிகள் தமது கட்டுப்பாட்டுப் பகுதியில் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. பழைய நேரத்திலேயே இருந்தார்கள். எனவே 2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப்பின் ஏ9 வீதி திறந்தபோது, வவுனியாவிலிருந்து புறப்பட்டவர் ஓமந்தையைத் தாண்டியதும் அரை மணித்தியாலம் பின்னால் போனார். முகமாலையைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்ததும் அதே அரை மணித்தியாலம் முன்னால் வந்தார். ஒக்லாந்திலிருந்து கணக்குப் பார்த்தால் கோடையில் கொழும்புக்கு ஏழு, யாழ்ப்பாணத்துக்கு ஏழு, கிளிநொச்சிக்கு மட்டும் ஏழரை. சகோதரங்கள் மூன்று இடத்தில் இருந்த குடும்பங்களுக்கு இது விளங்கும்.

ஆனால் அந்தக் காலத்தில் நேரம் தெரிந்து என்ன பயன்? 1990 இல் போர் மறுபடி மூண்டபின் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. கடிதம்தான். அதுவும் வாரக்கணக்கில், சிலவேளை செஞ்சிலுவைச் சங்கத்தின் கையால். பேச வேண்டுமென்றால் அவர்கள் பாஸ் எடுத்து வவுனியாவுக்கோ கொழும்புக்கோ வர வேண்டும். இன்ன திகதி, இன்ன நேரம், இன்ன 'கொமினிக்கேசன்' கடை என்று கடிதத்தில் எழுதி வைத்து, அந்தக் கடையின் வாங்கில் பெற்றோர் காத்திருப்பார்கள். இங்கே நாம் நிமிடத்தை எண்ணி எண்ணிப் பேசினோம். பாதி நேரம் அழுகையில் போகும்.

ஏன் அவ்வளவு செலவு? அன்றைய அழைப்பு, பேசும் இருவருக்கும் இடையே ஒரு தனி வழியை முழுநேரமும் பிடித்து வைத்திருந்தது. வழியிலிருந்த ஒவ்வொரு நாட்டு நிறுவனமும் தன் பங்கைக் கேட்டது. கடைசியில் அழைப்பை வீட்டுக்குக் கொண்டு சேர்க்கும் இலங்கை நிறுவனத்துக்கும் கட்ட வேண்டும். சுரண்டி இலக்கம் பார்க்கும் தொலைபேசி அட்டைகள் வந்தபோது விலை இறங்கியது. அட்டையில் போட்டிருக்கும் நிமிடங்கள் எமக்கு ஒருநாளும் முழுதாகக் கிடைத்ததில்லை என்பது வேறு கதை. பெரிய மாற்றம் கடலுக்கடியில் நடந்தது. 2000 ஆம் ஆண்டின் இறுதியில் சதர்ன் குரொஸ் என்ற கடலடிக் கம்பி நியூசிலாந்தை அவுஸ்திரேலியாவோடும் அமெரிக்காவோடும் இணைத்தது. இணையம் வழியாகக் குரல் போகத் தொடங்கியதும் தூரத்துக்குத் தனி விலை இல்லாமற்போயிற்று. குரல் சின்னச் சின்னப் பொதிகளாக வெட்டப்பட்டு, மின்னஞ்சலும் படமும் போகும் அதே கம்பியில் அவற்றோடு கலந்து போகிறது. 2003 இல் ஸ்கைப், பிறகு வைபர், 2016 இன் இறுதியில் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசும் வசதி. எமது தாய்மார் பலர் எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமப்படும் ஆங்கிலத்தைக் கடந்து, அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்தப் பழகிக்கொண்டார்கள்.

காசுத் தடை போனதும் நேரத் தடை முன்னால் வந்து நின்றது. ஊரில் எல்லோரும் வீட்டில் இருந்து ஆறுதலாகக் கதைக்கும் நேரம் மாலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடையில். கோடையில் அது எமக்கு அதிகாலை இரண்டு மணியிலிருந்து நாலரை வரை. பகல் வேலைக்காரருக்கு அந்த நேரம் கிடையாது. அவர் வேலை முடிந்து, பிள்ளைகளைக் கூட்டி வந்து, சாப்பிட்டுவிட்டு எடுக்கும்போது அங்கே தம்பி கந்தோரில், மருமக்கள் பாடசாலையில். அம்மா மட்டும் தனியே. ஆகவே அம்மாவோடு தினமும் கதைத்தவர் தம்பியோடு மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் சனி, ஞாயிறில்தான் கதைக்கிறார்.

அந்த நல்ல நேரம் இங்கே யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால், இரவு வேலை செய்பவர்களிடம். முதியோர் இல்லங்களில், வைத்தியசாலைகளில், பொதிகட்டும் இடங்களில், துப்புரவு வேலையில் இருப்பவர்கள். எட்டு மணித்தியால வேலைக்கு அரை மணித்தியாலச் சாப்பாட்டு இடைவேளை கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதிகாலை மூன்று மணிக்கு அந்த இடைவேளை வந்தால் யாழ்ப்பாணத்தில் இரவு ஏழரை. வீடே கூடியிருக்கும். பகலில் தூங்கி, இரவில் பிறர் பெற்றோரைத் தூக்கி, துடைத்து, திருப்பிப் படுக்க வைக்கும் அந்த அக்காதான் தன் பெற்றோரை வீட்டாரோடு சேர்த்துப் பார்க்கிறாள். நல்ல வேலையில் இருக்கும் அண்ணனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குடும்பத்துக்குள் 'அவளுக்குத்தான் எல்லாம் சொல்லுவினம்' என்ற மனத்தாங்கல்களில் பாதி, வேலை நேர அட்டவணையிலிருந்து வருகிறது என்பது எமது கணிப்பு.

பொறுமையாகக் கட்டிய இந்த ஒழுங்கை உலக நடப்பு ஒன்று வந்து குலைத்துவிடும். 2006 ஆகஸ்டில் ஏ9 மூடப்பட்டு யாழ்ப்பாணம் தனித்துப்போனது. 2009 இன் முதல் ஐந்து மாதங்களில் வன்னிக்குள் இருந்தவர்களோடு எந்தத் தொலைபேசியும் எடுபடவில்லை. அந்த மாதங்களில் எமக்கு இரவும் பகலும் ஒன்றாகவே இருந்தன. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்த செய்தி இங்கே பிற்பகலில் வந்தது. அரசாங்கம் வட்ஸ்அப்பையும் வைபரையும் முடக்கியது. அன்று பலர் வருடக்கணக்கில் தொடாத சாதாரண வெளிநாட்டு அழைப்பைத்தான் எடுத்தார்கள். அம்மாவின் வீட்டு இலக்கம் மனப்பாடமாக இருந்தவர்கள் பாக்கியசாலிகள்.

2022 மார்ச் இறுதியில் எரிபொருள் வாங்க நாட்டில் டொலர் இல்லாமல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு வந்தது. எந்தப் பகுதிக்கு எப்போது இருட்டு என்று மின்சார சபை எழுத்து வாரியாக அட்டவணை வெளியிட்டது. த்ரீ கிங்ஸில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பிள்ளைகளின் பாடசாலை அட்டவணைக்குப் பக்கத்தில் அதையும் ஒட்டி வைத்த வீடுகள் உண்டு. 1996 போலவே மறுபடியும் மின்சாரம்தான் எமது பேச்சு நேரத்தை முடிவு செய்தது.

பெருந்தொற்றுக் காலத்தை விட்டுவிட முடியாது. 2020 மார்ச் 19 இல் மூடிய நியூசிலாந்து எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஜூலை 31 இல். இடையில் ஊரில் பெற்றோரை இழந்தவர்கள், போனால் திரும்பி வர முடியாது என்பதால் போகவில்லை. செத்தவீட்டை நேரலையில் பார்த்தோம். எமது வழக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அந்த இரண்டு வருடங்களில், கமெரா பிடித்த பெறாமகன் பாடையின் பின்னாலேயே நடந்துபோக, இங்கே வரவேற்பறையில் இருந்த மகள்மார் தகப்பனுக்குக் கொள்ளி வைப்பதையும் கண்டார்கள். பார்த்திருக்கக் கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். பார்த்ததால்தான் மனம் ஆறியது என்று சிலர். இரண்டும் உண்மை.

இப்போது எம்மை உண்மையில் வருத்துவது வேறொன்று. கடித காலத்தில் சாவுச் செய்தி பத்து நாள் பிந்தி வந்தது. ஆனால் அதைக் கொண்டு வந்து சொல்ல ஒருவர் வீட்டுக்கு வந்தார். இன்று ஊரில் உயிர் பிரிந்து அரை மணித்தியாலத்துக்குள் குடும்பக் குழுவில் மலர்மாலை போட்ட படம் வந்துவிடுகிறது. எம்முள் ஒருவர் வேலையிடத்துத் தேநீர் இடைவேளையில், தனியே, நின்ற நிலையில், அப்படித்தான் தன் தாயின் படத்தைக் கண்டார். போட்டவர் கனடாவில் இருக்கும் ஒன்றுவிட்ட சகோதரம். அங்கே பகல், எல்லோரும் அறிந்திருப்பார்கள் என்று நினைத்துவிட்டார். அதன்பின் எமக்குத் தெரிந்த சில குடும்பங்கள் ஓர் ஒழுங்கு வைத்திருக்கின்றன. ஒவ்வொரு நாட்டிலும் ஒருவருக்கு முதலில் நேரே அழைப்பு. அவர் உரியவரின் வீட்டுக்குப் போகும்வரை குழுவில் எதுவும் போடுவதில்லை. எவ்வளவு வேகமான கம்பி இருந்தாலும் கடைசி இரண்டு கிலோமீற்றரை ஒரு மனிதர்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

செய்தி வந்தபின் வேலையிடத்தில் கேட்கத் தெரிய வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். பலர் இதை அறியாமல் விடுகிறார்கள். ஆறு மாதம் வேலை செய்தவருக்கு பெற்றோர், பேரன் பேத்தி, கணவன் மனைவி, பிள்ளை, சகோதரம், மாமன் மாமி ஆகியோரின் இறப்புக்கு மூன்று நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அது ஊரில் நடந்த சாவானாலும் சரி, நீங்கள் போகாவிட்டாலும் சரி. மூன்று நாளையும் தொடர்ந்து எடுக்க வேண்டியதில்லை. நேரலையில் செத்தவீடு பார்க்கும் நாளுக்கு ஒன்று, எட்டுச் செலவுக்கு ஒன்று, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒன்று என்று பிரித்துக் கேட்கலாம். சித்தப்பா, பெரியம்மா இந்தப் பட்டியலில் இல்லை. எமக்கு அவர்கள் சின்னத் தகப்பனும் பெரிய தாயும்தான், சட்டத்துக்கு அல்ல. அவர்களுக்கு, வேலை கொடுப்பவர் ஏற்றுக்கொண்டால் ஒரு நாள். ஏற்பதா என்று முடிவு செய்யும்போது பண்பாட்டுக் கடமையையும் அவர் கவனிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே வாய் திறந்து விளக்க வேண்டும்.

செப்டெம்பர் கடைசி ஞாயிறு வந்தால் மறுபடி கடிகாரம் மாறும். வழக்கமாக இரவு எட்டு மணிக்கு எடுப்பவர்கள் முதல் நாளே ஊருக்குச் சொல்லி வைப்பது நல்லது. ஒன்றரைக்கு வரும் அழைப்பு அன்றிலிருந்து பன்னிரண்டரைக்குப் போகும். சொல்ல மறந்த வருடம் அம்மா கறியை இறக்காமலேயே ஓடிவந்து எடுத்து, 'என்ன பிள்ளை, இண்டைக்கு வெள்ளணவே எடுத்திட்டாய், ஏதும் பிரச்சினையோ?' என்று பதறினார்.