துணியில் பிறக்கும் கறுப்பு

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்களுள் தமிழர்கள் பலர். வெள்ளைச் சட்டையில் தேநீர் சிந்தினால் கறை எளிதில் போகாது என்பதை அங்குள்ள சிறுவர்களும் அறிவர். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருளே இதற்கு முக்கியக் காரணம். அதனை ‘டானின்’ என்பர். இத்தகைய துவர்ப்புப் பொருள் கடுக்காயிலும் மிகுதியாக உள்ளது. அதனைக் கொண்டே துணியில் ஓவியம் தீட்டும் கலைதான் கலம்காரி.

பாரசீக மொழியில் ‘கலம்’ என்றால் எழுதுகோல். ‘காரி’ என்றால் வேலைப்பாடு. ஆந்திராவின் காளஹஸ்தியில் புகழ்பெற்ற இக்கலை, தமிழ்நாட்டில் அரியலூர் மாவட்டத்தின் கருப்பூரிலும் தஞ்சாவூர் மாவட்டத்தின் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் வளர்ந்தது. கோயில் விதானங்கள், தேரில் தொங்கும் தொம்பைகள், வாயில் தோரணங்கள் ஆகியவை இம்முறையில் தீட்டப்பட்டன. தஞ்சை மராத்திய மன்னர் குடும்பத்தினருக்காகக் கருப்பூரில் சேலைகளும் உருவாயின.

முதலில், பருத்தித் துணியை நன்கு அலசி, கடுக்காய்த்தூளும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவர். பாலில் உள்ள கொழுப்பு, மை பரவாமல் தடுக்கும். பின்னர், கரியாக்கிய புளியங்குச்சியால் உருவங்களை வரைவர். நுனியில் துணி அல்லது கம்பளி சுற்றிய மூங்கில் குச்சியே எழுதுகோல்.

கறுப்பு மை செய்யும் முறை வியப்பானது. இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் இட்டுப் பல நாள் புளிக்க வைப்பர். புளித்த நீர் இரும்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். அந்த நீரின் நிறம் கறுப்பன்று. துணியில் ஊறியுள்ள கடுக்காய்த் துவர்ப்புடன் சேர்ந்த பின்னரே அது கறுப்பாக மாறும். சிவப்பும் அப்படித்தான். சிவக்க வேண்டிய இடங்களில் நிறமற்ற படிகார நீரைத் தடவுவர். பிறகு, சாயவேர் சேர்த்த நீரில் துணியைக் கொதிக்க வைத்தால் அவ்விடங்கள் சிவக்கும். நீலத்திற்கு அவுரி பயன்படுகிறது. நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடுவர். மலேசியப் பாத்தேக் துணியிலும் மெழுகு இதே பணியைச் செய்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கலைக்கு இரு இடையூறுகள் நேர்ந்தன. 1855இல் தஞ்சை அரசு மறைந்ததால் அரச ஆதரவு நின்றது. 1868இல் வேர்ச் சிவப்பையும், பின்னர் அவுரி நீலத்தையும் வேதியியலார் செயற்கையாக உருவாக்கினர். 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. பல நாள் உழைப்பில் கிடைத்த நிறம் மலிவாகக் கிடைத்தது.

கருப்பூர் கலம்காரி ஓவியங்கள் 2021இல் புவிசார் குறியீடு பெற்றன. அக்குறியீடு கலையின் பெயரைக் காக்கும். ஆனால், மை எப்போது பதமாகிறது, துணி எவ்வளவு ஊற வேண்டும் என்பவற்றைக் கைப்பழக்கமே கற்றுத்தரும். அதனை இளையோர் கற்றுக்கொண்டால்தான் கலையும் நிலைக்கும்.