அப்பாவோட நுரையீரல் மாத்திரை: இன்சூரன்ஸ் தராத மாசச் செலவை எப்படிச் சமாளிக்கிறது?

சம்பளம் வந்ததும் முதல்ல எதுக்கு எடுத்து வைப்பீங்க? வாடகை, இ.எம்.ஐ., எஸ்.ஐ.பி. அந்த லிஸ்ட்ல திடீர்னு ஒரு மாத்திரை வந்து உட்கார்ந்தா? அதுவும் ஒரு மாசம், ரெண்டு மாசம் இல்ல. வருஷக்கணக்குல.

ஒரு உதாரணத்துக்கு இப்படி வெச்சுக்குவோம். நீங்க சென்னையில 38,000 ரூபாய் சம்பளத்துல இருக்கீங்க. அப்பாவுக்கு 66 வயசு, காரைக்கால்ல இருக்கார். ஒரு வருஷமா வறட்டு இருமல், மாடி ஏறினா மூச்சு வாங்குது. "வயசாயிடுச்சுப்பா, அப்படித்தான் இருக்கும்"னு தள்ளிப் போட்டுட்டார். கடைசியில சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தா ஐ.பி.எஃப். நுரையீரல் திசு, இன்ன காரணம்னு சொல்ல முடியாம, தழும்பேறிக் கெட்டியாகிற நோய் இது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துட்டார். இனி பணக் கணக்கு உங்களோடது.

இந்த மாத்திரை என்ன செய்யும், என்ன செய்யாது?

இந்த நோய்க்கு முக்கியமா ரெண்டு மருந்து இருக்கு. ஒண்ணு பிர்ஃபெனிடோன், இன்னொண்ணு நின்டெடனிப். ரெண்டுக்கும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2014 அக்டோபர்ல ஒரே நாள்ல அனுமதி கொடுத்துச்சு. இந்தியாவுல பிர்ஃபெனிடோன் 2010-லயே வந்துடுச்சு.

ரெண்டுமே நோயைக் குணமாக்காது. ஏற்கெனவே விழுந்த தழும்பையும் அழிக்காது. புதுத் தழும்பு விழுற வேகத்தைத்தான் குறைக்கும். தேய்மானம்னு ஒரு வார்த்தை நமக்குத் தெரியும்ல? வண்டி வாங்கினா வருஷா வருஷம் மதிப்பு இறங்கும். இந்த மாத்திரை அந்த இறக்கத்தைப் பாதிக்குப் பக்கமா குறைக்கப் பார்க்குது. நின்டெடனிப்பைச் சோதிச்ச இன்பல்சிஸ்-1 ஆய்வுல, மருந்து எடுக்காதவங்க ஊதி வெளியேத்துற காத்தோட அளவு வருஷத்துக்குச் சுமார் 240 மில்லி குறைஞ்சது. எடுத்தவங்களுக்குச் சுமார் 115 மில்லிதான் குறைஞ்சது.

பணம் சம்பந்தமான பெரிய தப்பு இங்கதான் நடக்குது. மூணு மாசம் சாப்பிட்டும் மூச்சு வாங்குறது அப்படியே இருக்கும். "இவ்வளவு செலவு பண்ணியும் ஒண்ணும் தெரியலையே"ன்னு நிறுத்திடுவாங்க. பலன் கண்ணுக்குத் தெரியாது மக்களே. ஊதிப் பார்க்கிற டெஸ்ட்டுலதான் தெரியும்.

முதல்ல நோயை உறுதி பண்ணுங்க

நுரையீரல்ல தழும்பு விழுற எல்லாருக்கும் ஐ.பி.எஃப். இல்ல. 2017-ல வெளியான இந்தியப் பதிவேடு ஒண்ணுல, இந்த வகை நுரையீரல் நோய் இருந்த 1,084 பேர்ல 13.7 சதவீதம் பேருக்குத்தான் ஐ.பி.எஃப். 47.3 சதவீதம் பேருக்கு இருந்தது, பறவை எச்சம், ஈரமான ஏர் கூலர் மாதிரி விஷயங்கள்ல இருந்து வர்ற ஒவ்வாமை வகை. அதுக்குக் காரணத்தை விலக்குறதுதான் முதல் வேலை. அதனால நுரையீரல் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்குற செலவை மிச்சம் பிடிக்காதீங்க. வருஷக்கணக்குல மாத்திரை வாங்குறதுக்கு முன்னாடி நோய் இதுதானான்னு உறுதியாகணும்.

யார் பணம் கொடுப்பாங்க?

காரைக்கால்காரங்களுக்கு இதுல தனிச் சிக்கல் ஒண்ணு இருக்கு. வாஞ்சூரைத் தாண்டினா நாகூர், அது தமிழ்நாடு. ஆனா முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டுல வசிக்கிற குடும்பங்களுக்குத்தான். அப்பாவோட ரேஷன் கார்டு புதுச்சேரி அரசோடதுன்னா அந்தக் கணக்கு ஒத்து வராது.

ஆயுஷ்மான் பாரத் புதுச்சேரியில உண்டு. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும், ஆனா அது படுக்கையில சேர்ந்து எடுக்குற சிகிச்சைக்கு. டிஸ்சார்ஜுக்கு அப்புறம் 15 நாள் மருந்து கிடைக்கும். வீட்ல உட்கார்ந்து வருஷம் முழுக்கச் சாப்பிடுற மாத்திரை அதுல வராது.

ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸ்ல அப்பா அம்மாவைச் சேர்த்திருந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். அதுக்காக வேண்டாம்னு விட்டுடாதீங்க. திடீர்னு மூச்சுத்திணறி ஐ.சி.யு.வுல சேர்க்க வேண்டி வந்தா அப்போ காப்பாத்துறது இதுதான். வெளியில புதுசா பாலிசி எடுத்தா, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 36 மாசம் வரை காத்திருக்க வேண்டி வரலாம்.

உங்க சம்பளம் மாசம் 21,000-க்குள்ள இருந்து இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்கன்னா நிலைமை வேற. உங்களை நம்பி இருக்கிற பெற்றோருக்கும் அதுல சிகிச்சை உண்டு, வெளிநோயாளி மருந்தும் சேர்த்து. அவங்க வருமானத்துக்கு ஒரு வரம்பு மட்டும் இருக்கு. அப்பா பேரைச் சேர்த்திருக்கீங்களான்னு இன்னைக்கே ஹெச்.ஆர்.கிட்ட கேளுங்க.

கணக்கு போடலாமா?

அட்டையோட விலையை மாத்திரை எண்ணிக்கையால வகுத்துக்கோங்க. அதை ஒரு நாளைக்குச் சாப்பிடுறதால பெருக்கி, 30-ஆல பெருக்குங்க. உதாரணத்துக்கு ஒரு மாத்திரை 25 ரூபாய், ஒரு நாளைக்கு 6 மாத்திரைன்னா 150 ரூபாய். மாசம் 4,500, வருஷம் 54,750.

இதோட முடியாது. ரெண்டு மருந்துமே கல்லீரலைப் பாதிக்கலாம். அதனால ஆரம்ப மாசங்கள்ல அடிக்கடியும், அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவையும் ரத்தப் பரிசோதனை வேணும். ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க ஜிப்மருக்குப் புதுச்சேரி போய் வந்தா, போக்குவரத்தும் ஒரு நாள் லீவும் இருக்கு. இதுக்கு மாசம் 1,500-னு வெச்சா மொத்தம் 6,000. உங்க 38,000-ல கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு.

இதை எமர்ஜென்சி ஃபண்டுல இருந்து எடுக்காதீங்க. எமர்ஜென்சி ஒரு தடவை வரும், இது மாசாமாசம் வரும். சம்பளத் தேதிக்கு மறுநாளே தனி சேவிங்ஸ் அக்கவுண்டுக்கு 6,000 ஆட்டோ டிரான்ஸ்பர் போடுங்க. கூடவே மூணு மாசச் செலவு 18,000-ஐ மெதுவா சேர்த்து வைங்க. வேலை மாறுற சமயத்துல மருந்து நிக்கக் கூடாது.

விலையைக் குறைக்க நேர்வழி

ஒரே மருந்தை நம்ம நாட்டுல பல கம்பெனிகள் வெவ்வேறு பேர்ல, வெவ்வேறு விலையில விக்குறாங்க. நின்டெடனிப்புக்கும் 2020-க்கு அப்புறம் இந்திய கம்பெனிகளோட மருந்து வந்துடுச்சு. டாக்டர்கிட்ட கூச்சப்படாம கேளுங்க: "இதே மருந்து, இதே அளவு, குறைஞ்ச விலையில எழுதித் தர முடியுமா டாக்டர்?" மக்கள் மருந்தகத்துல இருக்கான்னு ஜன் ஔஷதி சுகம் ஆப்புல தேடிட்டுப் போங்க.

வரியில பழைய முறையில இருக்கீங்கன்னா, 60 வயசு தாண்டின, ஹெல்த் இன்சூரன்ஸே இல்லாத பெற்றோரோட மருத்துவச் செலவுக்கு வருஷம் 50,000 வரை கழிவு உண்டு. 80டி-ன்னு நாம பழகின சலுகை இது. ரொக்கமா கொடுத்தா செல்லாது, யு.பி.ஐ.-ல கட்டி பில்லை வைங்க. 80டிடிபி-யோட நோய்ப் பட்டியல்ல ஐ.பி.எஃப். கிடையாது, அதை நம்பிக் கணக்கு போடாதீங்க.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள்

டோஸை நாமளா பாதியாக்கக் கூடாது. வயிறு புரட்டுது, பேதி ஆகுதுன்னா டாக்டர்தான் அளவை மாத்தணும். ரெண்டு மருந்தையும் சாப்பாட்டோட எடுக்கச் சொல்வாங்க. பிர்ஃபெனிடோன் எடுக்கிறவங்களுக்கு வெயில்ல தோல் சட்டுனு சிவந்து தடிக்கும். காரைக்கால் வெயிலுக்கு முழுக்கைச் சட்டை, குடை, சன்ஸ்கிரீன் இதெல்லாம் மருந்துச் செலவுலயே சேர்ந்தது. பீடி, சிகரெட் பிடிச்சா பிர்ஃபெனிடோன் ரத்தத்துல நிக்குற அளவே குறையும். உங்க காசு நிஜமாவே புகையாப் போகும்.

கடைசியா ஒண்ணு. நம்ம அப்பாக்கள் பில்லைப் பார்ப்பாங்க. "பையன் கஷ்டப்படுறானே"ன்னு யாருக்கும் சொல்லாம ஒரு வேளை மாத்திரையை விட்டுடுவாங்க. அட்டையில மாத்திரை மிச்சம் இருக்கிறதை நீங்க கவனிக்கவே மாட்டீங்க. அதனால அவரை உட்கார வெச்சு இந்தக் கணக்கைக் காட்டுங்க. "மாசம் 6,000 தனியா எடுத்து வெச்சாச்சுப்பா, அது உங்க மாத்திரைக்குத்தான், வேற எதுக்கும் இல்ல"ன்னு சொல்லுங்க. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, சும்மா பேசிக்கிட்டே அந்த அட்டையையும் ஒரு தடவை எண்ணிப் பாருங்க.