பெரிய டயர் மாட்டியதும் ஸ்டியரிங் உதறுகிறதா?

சேற்றில் புதையாமல் இருக்க, டிராக்டரின் முன்னால் இருக்கும் 6.00-16 டயரைக் கழற்றி 7.50-16 மாட்டுகிறோம். பிறகு தார் ரோட்டில் டிரெய்லரோடு போகும்போது ஸ்டியரிங் கையை உதறுகிறது. டயர்தான் கோளாறு என்போம். பெரும்பாலும் கோளாறு பழையது. கனமான சக்கரம் அதை வெளியே காட்டிவிடுகிறது, அவ்வளவுதான்.

காசு செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்க. இரண்டு டயரிலும் காற்று ஒரே அளவா? வீல் நட்டு இறுக்கமா? ரிம் அந்த டயருக்கு ஏற்ற அகலமா?

அடுத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, முட்டு வையுங்க. சக்கரத்தைச் சுற்றிவிட்டால் ரிம் கோணல் தெரிந்துவிடும். மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்க. சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங். அது மாட்டியிருக்கும் அச்சும் சேர்ந்து ஆடினால் கிங் பின் புஷ். இடமும் வலமும் ஆட்டும்போது லொடலொடத்தால் டை ராடு முனையைப் பாருங்க. அது தேய்ந்திருந்தால் தள்ளிப்போடாதீங்க. ஓட்டத்தில் கழன்றால் சக்கரம் சொன்னபடி கேட்காது, உயிருக்கே ஆபத்து.

இவையெல்லாம் சரியென்றால், வண்டியை இறக்கி, இரு முன்சக்கரங்களுக்கு நடுவே அச்சு உயரத்தில் அளந்து பாருங்க. அநேக டிராக்டர்களில் முன்பக்க இடைவெளி, பின்பக்கத்தைவிடச் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்கணும். சரியான அளவு வண்டிக் கையேட்டில் உண்டு. ஆட்டம் நிற்கும்வரை லோடு ஏற்ற வேண்டாம்.