மக்கும் குப்பை ஏன் சுடுகிறது?

மொட்டை மாடியில், பக்கவாட்டில் ஓட்டை போட்ட பழைய பெயின்ட் வாளி. ஒரு வாரமாகச் சேர்ந்த வெங்காயத் தோல், வாழைப்பழத் தோல், டீத்தூள் எல்லாம் சருகோடு கலந்து கிடக்கின்றன. வாளி இருப்பது நிழலில். ஆனாலும் நடுவில் கையை விட்டால் வெதுவெதுவென்று இருக்கும். வெயிலே படாத குப்பைக்கு இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

நம் உடம்புச் சூடு வரும் அதே வழியில்தான். உள்ளே கோடானுகோடி நுண்ணுயிர்கள் தின்று, மூச்சுவிட்டு, பெருகிக்கொண்டிருக்கின்றன. அவை கரிமத்தை ஆக்சிஜனோடு சேர்த்து எரிக்கும்போது ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகிறது. ஒரு கன மீட்டர் குவியலில் அந்த வெப்பம் தப்ப வழியின்றி 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரைகூட ஏறும். களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் அதில் மடிந்துவிடும். வாளி சின்னது, சீக்கிரம் ஆறிவிடும். அதற்காக மக்குவது நின்றுவிடாது. கிருமிகள் மடியும் அளவுக்குச் சூடு ஏறாது என்பதால், நோய் தாக்கிய செடியை மட்டும் அதில் போடாதீர்கள்.

சருகு எவ்வளவு போடுவது? பதில் அந்த நுண்ணுயிரின் உடம்பிலேயே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. அதன் உடலில் 1 பங்கு நைட்ரஜனுக்குச் சுமார் 8 பங்கு கரிமம். அந்த 8 பங்கை உடலாக்கிக்கொள்ள, ஏறக்குறைய இன்னொரு 16 பங்கை மூச்சில் எரித்தாக வேண்டும். ஆக 24. உரம் தயாரிப்போர் சொல்லும் 25-30க்கு 1 என்ற விகிதம் பிறப்பது இங்கேதான். காய்கறிக் கழிவில் கரிமம் இதைவிடக் குறைவு, காய்ந்த சருகில் அதிகம். தராசெல்லாம் வேண்டாம்: ஒரு கிண்ணம் கழிவுக்கு இரண்டு கிண்ணம் நொறுக்கிய சருகு. எரிந்த கரிமம் கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விடுகிறது; நிறைந்திருந்த வாளி சில வாரங்களில் பாதியாக இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தெருவோரம் வேப்பஞ்சருகைக் கூட்டிக் கொளுத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. எரிவது உரத்தின் பெரும்பங்கு.

அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் உள்ளே காற்று போகவில்லை என்று அர்த்தம். காற்றில்லாமல் வாழும் வேறு நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. மூக்கில் ஏறும் நெடி என்றால் அம்மோனியா, நைட்ரஜன் மிஞ்சிவிட்டது. இரண்டுக்கும் ஒரே மருந்து: சருகு போட்டுக் கிளறிவிடுவது. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசிய வேண்டும். தாரையாக வடிந்தால் ஈரம் அதிகம், ஒன்றுமே கசியாவிட்டால் தண்ணீர் தெளிக்க வேண்டும். தடித்த, பழுப்பு நிறப் புழுக்கள் நெளிந்தால் பயப்பட வேண்டாம். அவை பெரும்பாலும் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள். கடிக்காது, கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும்.

இரண்டு மூன்று மாதத்தில் சூடு அடங்கி, முதல் மழையின் மண்வாசனை எழும். ஆக்டினோமைசீட் என்ற நுண்ணுயிர்கள் சுரக்கும் ஜியோஸ்மின்தான் இரண்டிலும் மணக்கிறது. அதற்கு முன் அவசரப்பட்டுச் செடிக்கு வைத்தால், மிச்சமிருக்கும் சருகை மக்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும், இலை வெளிறும். பக்குவமானதும் சலித்துத் தொட்டி மண்ணில் கலக்கலாம். சல்லடையில் தங்கும் கட்டிகளை அடுத்த வாளியின் அடியில் போடுங்கள். வேண்டிய நுண்ணுயிர்கள் அதிலேயே இருப்பதால் கடையில் தனியாகப் பொடி வாங்கத் தேவையில்லை.