உப்புக்குள் ஒரு கொடுக்கல் வாங்கல்

சோடியம், தண்ணீர் பட்டால் தீப்பற்றக்கூடிய உலோகம். குளோரீன், 1915இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஆயுதமாக ஏவப்பட்ட நச்சு வாயு. இவை சேர்ந்து உருவாவதுதான் நாம் கறிக்குப் போடும் உப்பு. எப்படி?

சோடியம் அணுவில் 11 இலத்திரன்கள் 2, 8, 1 என அமைந்துள்ளன. குளோரீனில் 17; அவை 2, 8, 7 என அமைந்துள்ளன. வெளி ஓட்டில் 8 இருந்தால் இவற்றுக்கு உறுதி அதிகம். ஆகவே சோடியம் தன் கடைசி இலத்திரனை இழக்க, குளோரீன் அதைப் பெறுகிறது.

இப்போது சோடியத்தில் 11 புரோத்தன்கள், 10 இலத்திரன்கள்: அது நேரேற்ற அயன். குளோரீனில் 17 புரோத்தன்கள், 18 இலத்திரன்கள்: அது மறையேற்ற அயன். எதிரெதிர் ஏற்றங்கள் ஒன்றையொன்று இறுகக் கவர்கின்றன. இதுவே அயன் பிணைப்பு. உப்பை உருக்க ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் வெப்பநிலை தேவைப்படுவதும் இதனால்தான்.

இரண்டின் அணுக்கருவும் மாறவில்லை. ஓர் இலத்திரன் இடம் மாறியதும் நஞ்சும் நெருப்பும் அடங்கிவிட்டன.

பிள்ளைகள் இங்கே வேற்றுமொழியில் படித்துவரும் ‘எலெக்ட்ரோன்’, நாம் ஊரில் படித்த அதே இலத்திரன்தான். ஆனையிறவு உப்பளத்தைப் பற்றி அவர்களுக்குச் சொல்லும்போது, அந்த உப்புக்குள் நடந்ததையும் தமிழிலேயே சொல்லிக் கொடுக்கலாம்.